இரும்புக்கை மாயாவியைத் திரைக்கு இழுக்க வேண்டுமா?

இதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஐம்பதைக் கடந்த ஒரு பத்திரிகைக்காரன் ஒரு சித்திரக்கதைக்காக வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சென்ற வாரம் கோத்தகிரியிலிருந்து என் பால்ய நண்பன் தொலைபேசியில் அழைத்தான். "நம்ம மாயாவி படமா வரப்போறானாமே, கேள்விப்பட்டியா?" என்று குதூகலித்தான். அவனோடு சேர்ந்து மகிழ என்னால் முடியவில்லை. "ஏன்டா, ஒனக்குச் சந்தோஷமில்லையா?" என்று கேட்டான். தொலைபேசியில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

செய்தி ஒன்றும் புதிதல்ல. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் விருப்பத்தைப் பல ஆண்டுகளாகவே சொல்லிவருகிறார். முதலில் சூர்யாவின் பெயர் பேசப்பட்டது. 2025 இல் ஆமிர் கானின் பெயரும் பத்திரிகைகளில் அடிபட்டது. பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு அவர் தம் சொந்தக் கதையை எடுப்பதானால் எனக்கு அவரோடு வழக்கில்லை. என் வழக்கு, "அந்தப் புத்தகத்தையே அப்படியே படமாக்க வேண்டும்" என்று ஆண்டுதோறும் குரல் கொடுக்கும் அன்பர்களோடுதான். என் நண்பனும் அவர்களில் ஒருவன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1962 இல் பிரிட்டனில் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடர் அது. கென் புல்மரும் அவருக்குப் பின் டாம் டல்லியும் எழுதினார்கள். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். விஞ்ஞானி ஒருவரின் உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழாக வந்தவன் இவனே. ஆங்கிலேயன் எழுதி, ஸ்பானியன் வரைந்து, சிவகாசியில் தமிழ் பேசத் தொடங்கிய இந்த மனிதன், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் எங்களோடு சில காலம் குடியிருந்தான்.

அவன் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு கதை. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. 1977 க்குப் பின் கதவு திறந்தது. ஹட்டன் பட்டணத்துக் கடைகளில் சிவகாசிப் புத்தகங்கள் கயிற்றில் தொங்கத் தொடங்கியபோது நான் பாடசாலைச் சிறுவன். வாங்கக் காசில்லை. ஒருவன் வாங்கினால் லயத்தில் இருபது பேர் படிப்போம். அட்டை கிழியும், நடுத்தாள் கழன்றுவிடும், கடைசிப் பக்கம் காணாமற்போகும். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். கோத்தகிரி நண்பன் சொன்ன முடிவுகள் பல, பின்னாளில் நான் படித்த அசல் முடிவுகளைவிட நன்றாக இருந்தன.

எங்கள் காம்பராவில் அப்போது மின்சாரம் இல்லை. தேயிலை ஸ்டோரில் மின்சாரம் இருந்தது, துரையின் பங்களாவில் இருந்தது. எங்களுக்குக் குப்பி லாம்பு. மின்சாரத்தைத் தொட்டு மறையும் மனிதனின் கதையை மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் படித்தோம். ஸ்டோர் ஜன்னல்களில் விளக்கு எரிவதை இஸ்தோப்பில் குந்தியிருந்து பார்ப்போம். அங்கே போய் ஒரு கம்பியைத் தொட்டால் நாமும் மறைந்துவிடலாம் என்று நம்பினோம்.

அந்த ஸ்டோரில்தான் என் மாமா வேலை செய்தார். கொழுந்தை உருட்டும் ரோலரில் ஒருநாள் அவருடைய வலக்கை அகப்பட்டுக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிறகு அவரைக் காவற்காரராக வைத்துக்கொண்டார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், நான் மாயாவி புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு எப்போது இரும்புக்கை பொருத்துவார்கள் என்று கேட்டேன். என் தாய் முதுகில் ஓர் அடி வைத்தார். மாமா அடிக்க விடவில்லை. புத்தகத்தை இடக்கையால் வாங்கி, மடியில் வைத்து, கடைசி வரை படித்தார். "மருமகனே, இதுக்கு அடுத்த பொஸ்தகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு எந்த மாயாவி கிடைத்தாலும் முதலில் அவரிடம்தான் போகும்.

உடல் தெரியாது, கை மட்டும் தெரியும் என்ற அந்தச் சித்திரம் எங்களை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் மொழியில் தொழிலாளிக்குக் 'கை' என்றே ஒரு பெயர். இத்தனை கைகள் என்றுதான் கணக்கு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இத்தனை காலமும் கொழுந்து பறித்த கை எல்லோருக்கும் தெரிந்தது. கைக்குப் பின்னால் இருந்த ஆள் எந்தப் பட்டியலிலும் தெரியவில்லை. இதையெல்லாம் பிளாஸ்கோ நினைத்து வரைந்தார் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லன். ஆனால் வாசகன் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைக்க அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் இடம் இருந்தது.

*

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபம் மிக எளிது. மாயாவி மறைய வேண்டியவன். நம் கதாநாயகர்களால் மறைய முடியுமா? கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் நட்சத்திரம், இரண்டரை மணி நேரப் படத்தில் ஒன்றரை மணி நேரம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பாரா? அவர் சம்மதித்தாலும் தயாரிப்பாளர் சம்மதிப்பாரா? முதல் நாள் முதல் காட்சிக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டு உள்ளே வந்த இரசிகன், வெறும் இரும்புக்கை ஒன்று அந்தரத்தில் மிதப்பதைப் பார்த்துவிட்டு விசிலடிப்பானா?

முடியாத காரியம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1933 இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் கிளாட் ரெயின்ஸின் முகம் படத்தின் இறுதிக் கணத்தில்தான் தெரிகிறது. அதுவரை குரலாலேயே நடித்தார். 1987 இல் வந்த 'மிஸ்டர் இந்தியா'வை நானும் கைதட்டித்தான் பார்த்தேன். ஆனால் மறைந்தவனைக் காட்ட அவர்களுக்கும் சிவப்பு வெளிச்சம் என்று ஓர் உபாயம் தேவைப்பட்டது. அது பிழையல்ல, திரைக்கென்றே எழுதிய கதை, திரையின் தேவையை உள்ளே வைத்தே எழுதினார்கள். மாயாவி அப்படி எழுதப்பட்டவன் அல்லன். வாரத்துக்குச் சில பக்கங்கள் என்று, கட்டம் கட்டமாக நின்று நின்று படிப்பதற்காகப் பிறந்தவன்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கிராண்டேல் நல்லவனாகத் தொடங்கவில்லை. மறையும் சக்தி கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியங்கள் குற்றங்களே. பின்புதான் உளவுப்படையில் சேர்ந்து திருந்துகிறான். சிறுவர்களாகிய எங்களுக்கு அது அதிர்ச்சியாகவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம் என்ற கேள்வியை எந்த வாத்தியாரும் எங்களிடம் அதற்கு முன் கேட்டதில்லை. நம் சினிமா இந்தக் கேள்வியைத் தாங்குமா? கதாநாயகன் திருடினால் அதற்கு ஒரு தாயின் வைத்தியச் செலவு வேண்டும், ஒரு தங்கையின் கண்ணீர் வேண்டும், இருபது நிமிடப் பழங்கதை வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவிய பின் மிஞ்சுபவன் யார்? நிச்சயமாகக் கிராண்டேல் அல்லன்.

கற்பனையாகப் பேசுகிறேன் என்பீர்கள். தேயிலைக்காரர்களாகிய எங்களுக்கு அனுபவம் இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969 இல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு பாலா 2013 இல் 'பரதேசி'யை எடுத்தார். மலையகத்தில் அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு, நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து நாவலை மறுபடி புரட்டியபோதுதான் கோபம் வந்தது. நாவலில் தொழிலாளர் பக்கம் நிற்கும் மருத்துவர், படத்தில் மதம் பரப்ப ஆடிப்பாடும் கோமாளியாகிவிட்டார். தன் கண்ணால் கண்டதை எழுதிவைத்த ஒரு மனிதருக்குத் திரை செய்த மரியாதை அது. இன்று 'பரதேசி'யைப் பார்த்தவனிடம் அந்த மருத்துவரைப் பற்றிக் கேட்டால், ஆட்டத்தைத்தான் சொல்வான். ஒரு சமூகத்தின் துயரத்தைச் சொன்ன நாவலுக்கே இந்தக் கதி என்றால், சிறுவர் புத்தகம் என்று இளக்காரமாகக் கருதப்படும் ஒன்றுக்கு யார் மரியாதை தருவார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சினிமாவுக்குத் தேயிலைத் தோட்டம் என்றால் பெரும்பாலும் பாட்டுக்கு ஒரு பச்சைத் திரை. கூடை சுமந்த பெண்கள் பின்னால் நிற்பார்கள், கதாநாயகி முன்னால் ஓடுவாள். அந்தப் பெண்களின் முகத்தைக் கமரா ஒருபோதும் கிட்டத்தில் பார்க்காது. மறைவது எப்படி என்று மாயாவியிடமிருந்து நாங்கள் கற்க வேண்டியதில்லை.

*

எதிர்வாதங்களையும் கேட்டுவிட்டேன். "இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை, படம் வந்தால் புத்தகத்தைத் தேடுவார்கள்" என்பது முதலாவது. சிலர் தேடக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் படம் பார்த்தபின் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு மாயாவியின் குரல் முன்பே முடிவாகிவிட்டது, முகம் முடிவாகிவிட்டது. கழன்றுபோன கடைசிப் பக்கத்துக்கு அவன் தானே ஒரு முடிவு சொல்ல முடியாது.

"நீ அனுபவித்துவிட்டாய், மற்றவனுக்கு ஏன் தடுக்கிறாய்?" என்பது இரண்டாவது. இது என்னைச் சுட்டது. கிழட்டுப் பொறாமை இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆயினும் நான் தடுக்க விரும்புவது புத்தகத்தை அல்ல. புத்தகம் இருபது கை மாறட்டும், இருநூறு கை மாறட்டும். மாயாவியின் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. தோட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு அவற்றில் பத்துப் பிரதிகளை வாங்கிக் கொடுங்கள். அதற்காகும் பணம் ஒரு சண்டைக்காட்சியில் உடையும் கண்ணாடிக்குக்கூடக் காணாது.

மூன்றாவது, உரிமை பற்றியது. சட்டப்படி உரிமை பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. விற்பதும் வாங்குவதும் அவர்கள் பாடு. வாசகனுக்குச் சட்ட உரிமை ஏதுமில்லை என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் உண்டு. அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறேன்.

சித்திரக்கதை மீது உண்மையான அன்புள்ள இயக்குநருக்கு வேறு வழியும் இருக்கிறது. சிம்புதேவன் 2010 இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தார். நாம் படித்து வளர்ந்த கௌபாய்க் கதைகளின் வாசனை அதில் இருந்தது. ஆனால் எந்தப் புத்தகத்தையும் பிடுங்கவில்லை. தன் கதையைத் தானே எழுதினார். படம் எப்படி என்பது வேறு விவாதம். செய்த முறை நேர்மையானது. அதைச் செய்யுங்கள் என்கிறேன்.

கோத்தகிரி நண்பன் 1982 இல் பெற்றோருடன் ஹட்டன் புகையிரத நிலையத்தில் ஒப்பாரிக் கோச்சி ஏறினான். தலைமன்னார் போய்க் கப்பலேறப் போகிற குடும்பம். தகரப் பெட்டியில் இடமில்லை. தன்னிடமிருந்த மாயாவி புத்தகங்கள் ஆறையும் ஜன்னல் வழியே என்னிடம் தந்தான். சிவகாசியில் அச்சானவை இங்கே தங்கின, இங்கே பிறந்தவன் அங்கே போனான். அவற்றில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்குக் கடைசிப் பக்கம் இல்லை.

நண்பா, நீ படத்துக்குப் போ. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நான் வரவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்துக்கு நீ அன்று இஸ்தோப்பில் சொன்ன முடிவு என்ன என்பதை நான் மறந்துவிட்டேன். அடுத்த முறை அழைக்கும்போது அதைச் சொல்.