தொட்டி மண்ணுக்கும் காற்று தேவை

கன்று வாடினால் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவது பலருடைய வழக்கம். தொட்டியிலும் பாலித்தீன் பையிலும் வளரும் கன்றுகளுக்கு இதுவே எமனாகிவிடுகிறது. காற்றில்லாமல் வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும்.

கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்திலுள்ள உப்பிலியபுரம் பகுதியில் எலுமிச்சை, மா, பப்பாளிக் கன்றுகளைச் சொந்தமாக வளர்த்து நட விரும்பும் சிறு விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது மண்ணைத்தான். நெல் விளையும் களிமண் வயலுக்கு ஏற்றது, பைக்கு ஏற்றதல்ல. வயலில் ஆழத்து மண் நீரைக் கீழே இழுத்துக்கொள்கிறது. பையிலோ அரையடி மண்தான். துளை இருந்தாலும் அடிமண்ணில் நீர் தங்கிவிடும். அடியில் ஜல்லி பரப்பினாலும் இக்குறை தீராது. நுண்ணிய மண்ணிலுள்ள நீர் பருமனான ஜல்லிக்குள் எளிதில் இறங்காது; ஈரம் வேரின் பக்கமே நிற்கும். மண் ஒழுகாதிருக்கத் துளைமேல் ஓர் ஓட்டாஞ்சில் போதும்.

செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் 1 பங்கு என்ற கலவை பொதுவாக ஏற்றது. தென்னை நார்க்கழிவையும் சேர்க்கலாம். ஆனால் மக்காத கழிவு பயிருக்கான தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து இட்டு மக்கவைப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறை. கலவையைப் பையில் நிரப்பி நீர் ஊற்றினால் சட்டென்று உள்ளே இறங்க வேண்டும். மேலே தேங்கி நின்றால் இன்னும் மணல் தேவை.

தண்ணீருக்கும் நாள் கணக்கு கூடாது. விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் காலையில் பூவாளியால், அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றலாம். தினமும் சிறிது தெளிப்பதால் மேல்மண் மட்டுமே நனையும். உப்புக் கிணற்று நீரானால் உப்பும் மண்ணிலேயே தங்கும்.

விலைக்குக் கன்று வாங்குவோரும் இலையின் பசுமையை மட்டும் பார்ப்பது போதாது. பையில் துளை உண்டா, மண் இறுகியிருக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம். கன்று வழங்கும் தோட்டக்கலைத் துறையினர் மண் கலக்கும் முறையையும் நேரில் செய்து காட்டினால் பயன் பெரிது. பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கன்று கிடைக்கும். தவறிய நடவுப் பருவம் அந்த ஆண்டு திரும்பி வராது.