பன்னீர் திராட்சை: உரத்துக்குப் பின்னரே ஊக்கி

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. லோயர் கேம்ப்புக்குக் கீழே கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பந்தலில் அறுவடை நடக்கிறது. ஆனால் பெயர் மட்டும் விலையைக் கொடுத்துவிடாது. ஒரே கொத்தில் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாகப் பழங்கள் இருந்தால் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இதற்குப் பரிகாரமாக வளர்ச்சி ஊக்கியை மட்டும் நம்புவது சரியல்ல. விதையில்லாத் திராட்சைக்கு ஜிப்ரலிக் அமிலம் கைகண்ட பலன் தருவது உண்மையே. பன்னீர் திராட்சையோ விதையுள்ள ரகம். பழம் பருப்பதற்கான ஊக்கியை விதையே சுரந்து கொடுக்கிறது. ஆகவே விதையில்லாத் தோட்டத்தைப் பார்த்து அதே முறையைக் கையாள்வது வீண் செலவாகும். அளவு மீறினால் காம்பு தடித்து விறைத்துப் பழம் உதிரும். கொடி முழுவதும் தெளித்தால் அடுத்த பருவத்தில் காய்க்கும் மொட்டுகளும் குறையக்கூடும்.

முதலில் கவனிக்க வேண்டியவை வேறு. கவாத்தின்போது முற்றிய கொடிகளில் நான்கு மொட்டுகள் விட வேண்டும். தொழு உரமும் பசுந்தழையும் தாராளமாக இட வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து பந்தல் இருண்டு, அடிச்சாம்பல் நோய்க்கு இடமாகும். இனிப்புக்கும் நிறத்துக்கும் துணை நிற்பது சாம்பல் சத்து. அதில் பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை 60 நாள் கழித்தும் இடுவது நல்லது. நெருக்கமான கொத்துகளில் பிஞ்சு பட்டாணி அளவாக இருக்கும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட வேண்டும். பிஞ்சு பிடித்த 20ஆம் நாளும் 40ஆம் நாளும் லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்துத் தெளித்தால் பழங்கள் ஒருசேரப் பழுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகே ஊக்கிக்கு வேலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, பிஞ்சு பிடித்த 10 முதல் 12 நாட்களில், லிட்டருக்கு 25 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலமும் அரை மில்லிகிராம் பிராசினோஸ்டீராய்டும் கலந்த கரைசலில் கொத்துகளை முக்கி எடுக்கலாம். அதாவது கலப்பில்லாத ஜிப்ரலிக் அமிலம் 1 கிராம் 40 லிட்டருக்குப் போதும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. சிறிது சாராயச் சத்தில் கரைத்த பிறகே தண்ணீரில் சேர்க்க வேண்டும். கடைச் சரக்கில் மருந்தின் வீதம் மாறும் என்பதால் உறையைப் படித்துக் கணக்கிடுவது அவசியம்.

முதல் தடவை பத்துக் கொடிகளில் மட்டும் செய்து, செய்யாத பத்துக் கொடிகளோடு எடையையும் விற்ற விலையையும் ஒப்பிட வேண்டும். ஐயமிருந்தால் ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். கடன் வாங்கிப் பந்தல் போட்ட சிறு விவசாயிக்கு இந்தக் கணக்கே பாதுகாப்பு. பட்டினி கிடக்கும் கொடியை ஊக்கி காப்பாற்றாது.