கடைக்கால் எடுக்கும் முன்

 

சூரமங்கலத்தில் வசிப்போருக்கு இரயில் ஓசை புதிதன்று. எனினும் இங்கிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை எத்தனை காலம் காத்துக் கிடந்தது என்பதை இளைய தலைமுறை அறியாது. மொத்தம் 85 கிலோமீட்டர்தான். அனுமதி கிடைத்தது 1996-97இல். பயணிகள் வண்டி ஓடியதோ 2013 மே மாதத்தில். அனுமதியான ஆண்டில் பிறந்த குழந்தை, வண்டி வருவதற்குள் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டது! நிலம் பெற வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணமோ ஆண்டுக்கு ஆண்டு தவணையாகவே ஒதுக்கப்படும். வேலை நின்றால் விலைவாசி ஏறுகிறது. ஏறிய செலவுக்கு மறுபடியும் நிதி தேட வேண்டியிருக்கிறது.

அரசாங்கத்தைக் குறை கூறுவது எளிது. நம் வீடுகளின் கதை என்ன? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை நம்பிக் கடைக்கால் எடுக்கிறோம். லிண்டல் மட்டம் வந்ததும் கை வறண்டுவிடுகிறது. சென்டரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அந்த வேளையில்தான் ஷைத்தான் வட்டிக்கடையின் வாசலைக் காட்டுகிறான்.

இந்நிலை குறைஷிகளுக்கும் வந்தது. நபித்துவத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் அவர்கள் கஃபாவைப் புதுப்பிக்க முற்பட்டபோது, வட்டியும் தீய வருவாயும் கலவாத பொருளையே செலவிடுவதென உறுதி பூண்டனர். அப்பொருள் போதவில்லை. ஆயினும் வட்டிப் பணத்தை அவர்கள் தொடவில்லை. கட்டடத்தைச் சுருக்கிக் கொண்டார்கள்! ஹிஜ்ர் பகுதி வெளியே நின்றதற்குப் பொருள் போதாமையே காரணம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. அறியாமைக் காலத்து மக்களுக்கே அத்துணை உறுதி!

ஹஜருல் அஸ்வத்தை எடுத்து வைக்கும் உரிமை யாருக்கு என்ற சச்சரவில் அதே பணி சில நாட்கள் நின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, எல்லாக் கோத்திரத்தாரையும் ஓரங்களைப் பிடித்துத் தூக்கச் செய்தார்கள்; வேலை தொடர்ந்தது. பாகம் பிரிக்காத மனையில் வீடெழுப்பி, பின்பு கோர்ட்டில் தடையுத்தரவு பெற்று நிற்கும் உடன்பிறந்தோர் நம்மிடையே எத்தனை பேர்!

ஆகவே கடைக்காலுக்கு நாள் குறிக்குமுன் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். கையிருப்பு எந்த மட்டம் வரை வரும், ஐப்பசி மழைக்குள் கூரை போட முடியுமா என்று வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுக்குச் சாட்சி தேடும் நாம், இலட்சக்கணக்கான வேலையை மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாக ஒப்படைக்கிறோம். எந்த வேலைக்கு எவ்வளவு, எப்போது முடியும், தாமதமானால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள்.