லாக்டோமீட்டர் காட்டாதது



சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், மாடு வளர்க்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் சொல்லிவிடும், ரசாயனத்தைச் சொல்லாது. 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்தது புரதச் சோதனையை ஏமாற்றத்தான். அந்தச் சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிட்டது. மெலமினில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்! ஆறு குழந்தைகள் இறந்தன; ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் கார்பன் நுண்துகள்களைக் கொண்டு இத்தகைய கலப்படத்தைக் கண்டறிய ஆய்வுகள் நடக்கின்றன. கலப்படப் பொருள் பட்டால் ஒளி மங்கும் அல்லது கூடும். ஆனால் பாலிலுள்ள ரிபோஃப்ளேவினும் தானாகவே ஒளிரும். கொழுப்பும் குறுக்கே நிற்கும். இவற்றை மறைத்து 'நொடியில் முடிவு' என்று எழுதுவது விளம்பரம்தான். கம்பார் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வேதியியல் மாணவர்கள் நம் கம்பத்துப் பாலிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாமே?

– வாசகர், ஈப்போ