கழுத்துத் துணியில் ஒரு முடிச்சு

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே என் அக்காவுக்கு வயிற்றைக் கலக்கும். ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் கணக்கில் கோட்டை விட்டிருப்பான். இல்லையென்றால் யாரையாவது தள்ளிவிட்டிருப்பான். தை மாதம் வந்த போன் மட்டும் வேறு மாதிரி.

"சனிக்கிழமை உங்க பையனுக்குச் சாரணர் சின்னம் சூட்டுறோம். வீட்ல எல்லாரும் வாங்க."

அக்காவுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். உடனே எனக்குப் போன் போட்டாள். "பத்திரிகையில வேலை பாக்குறவதானே நீ. இது என்ன பிரைஸுடி? ஃபர்ஸ்ட்டா, செகண்டா?"

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த சாரணர் பெருந்திரளணி வீடியோக்களைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசை வந்தது. அந்தச் செய்திகளையெல்லாம் நானும் படித்தவள்தான். ஆனாலும் அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கோவில்பட்டியில் இறங்கி, கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு, பசுவந்தனை பஸ் பிடித்தேன். வழியெல்லாம் கரிசல் காட்டில் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. வீட்டிலும் அதே பேச்சுதான். கதிர் அடிக்கும் மிஷின் சனிக்கிழமைதான் வருகிறதாம். அதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

"இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்டார் அத்தான்.

"இல்லப்பா."

"அப்புறம் என்னல விழா? அம்மா வருவா, போ."

அக்கா தீப்பெட்டி ஆபீஸில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். ஆச்சி, அக்கா, நான் மூன்று பேரும் போனோம்.

மைதானத்தில் பிள்ளைகள் குதிரை லாட வடிவில் நின்றார்கள். கொடியேற்றம் முடிந்ததும் ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள். வலது கையில் மூன்று விரல்களை உயர்த்தி, சுண்டு விரலைக் கட்டை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி சொன்னார்கள். கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன், பிறருக்கு உதவுவேன், சாரணர் விதிப்படி நடப்பேன் என்பதுதான் அதன் சாரம். அந்த மூன்று விரல்களும் இந்த மூன்றையும் குறிக்கின்றன. அது முடிந்ததும் சாரண ஆசிரியர் சின்னம் குத்தி, இடது கையால் கை குலுக்கினார்.

எங்கள் பையன் முறை வந்தபோது ஆசிரியர் அக்காவைப் பார்த்து, "ஸ்கார்ஃபை நீங்க வந்து போட்டுவிடுங்கம்மா" என்றார். அக்கா ஒரு நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பள்ளியில் அவளை இதுவரை கூப்பிட்டதெல்லாம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடத்தான். ஆச்சி முதுகில் தட்டி எழுப்பிவிட்டாள்.

விழா முடிந்ததும் அக்காவின் கேள்வியை ஆசிரியரிடமே கேட்டேன். சிரித்தார். "இது ஜெயிச்சதுக்குக் குடுக்குற பரிசு இல்லம்மா. இனிமே இப்படி நடப்பேன்னு வாக்குக் குடுத்ததுக்கு அடையாளம்."

'பிரவேஷ்' என்ற நுழைவு நிலையை முடித்ததற்கான சின்னம் இது. இதற்கு மேல் மூன்று சோபன்கள், அதாவது படிகள். பிறகு மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் ராஷ்டிரபதி விருது. முடிச்சுப் போடுவது, முதலுதவி, சமையல், முகாம் என்று ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொள்ள வேண்டும். ஏறி முடிக்கச் சில வருடங்களாவது ஆகும்.

இந்த மைதானத்தில் நம் பிள்ளைகள் நிற்பதே ஒரு காலத்தில் முடியாத காரியம். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களோடு நடத்திய முகாமில் தொடங்கியது இந்த இயக்கம். இரண்டே வருடத்தில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இந்தியப் பிள்ளைகளுக்காக அன்னி பெசன்ட் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் தொடங்கியது 1916-ல். தனித்தனியாக இருந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கமாக ஒன்று சேர்ந்தன. அடுத்த ஆண்டு சாரணியர் அமைப்பும் அதில் இணைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையன் ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டான்.

"எதுக்குல அது?" என்றாள் ஆச்சி.

"தினம் ஒரு நல்ல காரியம் செய்யணும் ஆச்சி. செஞ்சாத்தான் அவுக்கணும்."

பேடன் பவல் காலத்துப் பழக்கம் அது. ஆச்சிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மறக்கக் கூடாத எதையும் அவள் முந்தானையில்தான் முடிந்து வைப்பாள்.

இருட்டிய பிறகுதான் அத்தான் தலையெல்லாம் சோளத் தூசியோடு வந்தார். நான் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அக்கா ஸ்கார்ஃப் போட்டுவிடும் இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸ்கார்ஃப் கொடியில் தொங்கியது. முடிச்சு இல்லை. என்ன செய்தான் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. வெளியே சொல்லக் கூடாதாம். ஆச்சிதான் மெதுவாகச் சொன்னாள். விடியற்காலையில் குழாயடியில் எதிர்வீட்டுப் பாட்டியின் குடத்தை வீடு வரை தூக்கிப் போய் வைத்திருக்கிறான்.

அத்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அடுத்த படி எப்போல?"

"எட்டு ஒம்பது மாசம் ஆகும்பா."

"தேதிய முன்னாடியே சொல்லிரு. மிஷினுக்கு வேற நாள் சொல்லிக்கிடலாம்."