பச்சை உடம்புக்குக் கூலியோடு 42 நாள்

கட்டடம், வீட்டு வேலை, வயல், பனியன் கம்பெனி, பீடி, பூக்கட்டு எனக் கூலிக்கு உழைக்கும் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், எங்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும், மருத்துவமனைகளுக்கும், எங்கள் வீட்டு ஆண்களுக்கும்:

பிரசவத்துக்கு இங்கே எல்லாரும் தயாராகிறார்கள். ஏழாம் மாதம் வளையல், ஒன்பதாம் மாதம் துணிப்பை, வலி கண்டால் 108. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அது பெரிய காரியம், நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை ஏற்பாடும் பிள்ளை பிறந்ததோடு முடிந்துவிடுகிறது. வீடு திரும்பினவள் என்ன சாப்பிடுவாள், குடிதண்ணீர் யார் தூக்குவார், எந்தக் காசில் அடுப்பெரியும் என்று எழுத எந்த அட்டையிலும் இடமில்லை.

கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். உதிரப்போக்கு நிற்க நான்கு முதல் ஆறு வாரம். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்துப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அடுக்கடுக்காக அறுத்துத் தைத்த வயிறு அது. தோலில் போட்ட தையல் காய்ந்துவிட்டால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர்கள் ஆறு வாரம் என்கிறார்கள், பாட்டிமார் நாற்பது நாள் என்றார்கள். இரண்டு பேருக்கும் இதில் சண்டையே இல்லை. சண்டை காசில்தான்.

பிரசவமான ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணைத் தெரிந்தே வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதில் வரும் சம்பள விடுப்பு ஆலைக்கும், தோட்டத்துக்கும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் நிறுவனத்துக்கும்தான். அதிலும் முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததற்குக் கணக்கு வேண்டும். மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறி, சைட்டுக்கு சைட் போகும் சித்தாள் அந்தக் கணக்கை யாரிடம் போய் வாங்குவாள்? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு எந்த வீடு நிறுவனம்?

ஒரே தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி டீச்சருக்கு முழுச் சம்பளத்தோடு 12 மாதம் விடுப்பு. 2021 ஜூலையிலிருந்து அப்படி. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள மில் தொழிலாளிக்கு 26 வாரம். அந்த டீச்சர் வீட்டில் வேலை செய்பவளுக்கு, அவர் மனசு வைத்துக் கொடுக்கும் ஒரு பழைய புடவையும் ஐந்நூறு ரூபாயும். டீச்சருக்குக் கிடைத்ததில் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவருக்குக் கிடைத்தது சரி. மூன்று பேருக்கும் உடம்பு ஒன்றுதான் என்பது மட்டும்தான் எங்கள் வாதம்.

கோரிக்கைகள்:

1. கூலி. பிரசவ நாளிலிருந்து 42 நாளுக்கு, அந்தந்தத் தொழிலுக்கு அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. பாதி, மருத்துவமனையிலிருந்து வீடு போகும் நாளுக்குள். மீதி, 21ஆம் நாள்.

‘டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் கொடுக்கிறோமே’ என்று பதில் வரும். அந்தத் திட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். அந்தப் பணத்தில் மாத்திரை வாங்கியவர்கள் நாங்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 18,000இல் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. ரொக்கம் 14,000. இப்போதைய முறையில் அது மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, பிள்ளைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பிரசவமான நாளிலிருந்து 42ஆம் நாள் வரை இந்தத் திட்டத்திலிருந்து பாஸ் புத்தகத்தில் ஒரு ரூபாய் ஏறாது. அடகுக் கடைக்கும் வட்டிக்காரருக்கும் தெரிந்த இந்த விஷயம் திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டாம். கம்மல் போவது அந்த நாட்களில்தான். பத்தாம் நாளே சைட்டில் செங்கல் தூக்க நிற்பதும் அந்த நாட்களில்தான்.

ஆகவே அந்த உதவித்தொகை அதன் வழியில் வரட்டும். அது சத்துணவுக்கும் பரிசோதனைக்குமான காசு. கூலி வேறு. நலவாரிய அட்டையைப் புதுப்பிக்கவில்லை, ஆதாரில் இனிஷியல் தப்பு, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று எந்தக் காரணத்துக்காகவும் இதை நிறுத்தக் கூடாது. பிரசவ அறையில் பதிவாகும் தேதியே போதுமான சான்று. அதை விடப் பெரிய சான்று ஒரு தாயிடம் கிடையாது.

2. விட்ட வேலை திரும்ப வேண்டும். வீட்டு வேலைக்காரி பிள்ளை பெறப் போகும்போது தங்கச்சியையோ அம்மாவையோ பதில் ஆளாக விட்டுவிட்டுப் போகிறாள். அன்பினால் அல்ல, வேறு ஆள் அந்த வீட்டைப் பிடித்துக்கொள்வாள் என்ற பயத்தினால். தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அம்மாவே தன் இடத்தில் போய்ப் பாத்திரம் தேய்த்தால், பத்தியச் சோறு வடிக்க வீட்டில் யார் இருப்பார்? வீட்டு வேலைத் தொழிலாளருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும், பிரசவத்துக்குப் பின் அதே வீட்டில் அதே சம்பளத்தில் வேலையும் உறுதி செய்யும் விதியை அரசு கொண்டு வர வேண்டும்.

3. பால் கொடுக்கும் நேரம். காலை ஆறு மணிக்குப் பிள்ளையை விட்டு வந்தவளுக்குப் பதினோரு மணிக்கு மார் கல்லாகிவிடும். ரவிக்கை நனையும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, முதலாளியம்மா வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பிழிந்து சாக்கடையில் விடுகிறோம். அங்கே வீட்டில் பிள்ளை சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. பனியன் கம்பெனிகளில் அது தொட்டிலோடும் ஆயாவோடும் இருக்கிறதா, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும் அறையாக இருக்கிறதா என்று சொல்லாமல் போய்ப் பாருங்கள். சிறு பட்டறைகளும் கட்டட வேலையும் நிறைந்த பகுதிகளில், ஐந்தாறு இடங்களுக்குப் பொதுவாக ஒரு காப்பகத்தை அரசே நடத்த வேண்டும். சாரத்தில் கட்டிய சேலைத் தூளி காப்பகம் ஆகாது.

4. மருத்துவமனை. சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் வரை இலவச உணவு, வீடு வரை இலவச வண்டி. இவை 2011இல் வந்த மத்தியத் திட்டத்தின்படி எங்கள் உரிமை. கட்டில் இல்லை என்று தையலோடு முன்கூட்டியே அனுப்பாதீர்கள். பிள்ளையைத் துடைத்துக் கொடுக்க, ஸ்ட்ரெச்சர் தள்ள, ஆண் பிள்ளை என்று சொல்ல, ஒவ்வொன்றுக்கும் கை நீட்டுவதை நிறுத்துங்கள். பெண் பிள்ளைக்கு ரேட் குறைவு என்பதில் எங்களுக்கு ஆறுதல் ஏதும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய ஓட்டை. பிரசவத்துக்குப் பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு முறை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு முறை, ஆறாம் வாரம் ஒரு முறை தாயைப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவுக்கு வரும் நர்சம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டோம். அவர் கையில் அத்தனை பதிவேடு, அத்தனை ஊர். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். வருகிறவர் பிள்ளையின் எடையோடு தாயின் ரத்த அழுத்தத்தையும் தையலையும் பார்க்கட்டும், அவள் முகத்தையும் பார்க்கட்டும். ‘தூக்கம் வருதா? அழுகை அழுகையா வருதா?’ என்று மாமியார் இல்லாத இடத்தில் கேட்கட்டும். பெற்றவள் பித்துப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தால் காத்துக் கறுப்பு என்று மந்திரிக்கத் தூக்கிப்போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. 14416 என்ற மனநல உதவி எண் அவளுடைய அட்டையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

5. காப்பர்-டி போடுவதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்வதும், வலியில் கிடக்கும்போது நீட்டிய தாளில் வாங்கிய கையெழுத்தில் நடக்கக் கூடாது. ஏழாம் மாதமே பேசுங்கள், எங்களிடமும் எங்கள் புருஷன்மாரிடமும். ஆண்களுக்கான ஆபரேஷன் சின்னது, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். அதைச் சொல்ல மட்டும் ஏன் எல்லாருக்கும் குரல் கம்மிவிடுகிறது?

6. பிள்ளை தங்காத தாய்க்கும் இதே 42 நாள், இதே கூலி. அவளுக்கும் உதிரம் போகும், அவளுக்கும் பால் கட்டும். பிள்ளையோடு இருப்பவர்கள் நடுவில் அவளுக்குக் கட்டில் போடாதீர்கள். மூன்றாவது பிரசவம் என்றாலும் இதே 42 நாள், இதே கூலிதான். உதவித்தொகை இரண்டு பிரசவத்தோடு நிற்கிறது, கருப்பை அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில்தான். அந்தத் தீர்ப்பு எங்கள் தெருவுக்கும் வரட்டும்.

7. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்களோடு வேலை செய்யும் பெண்களுக்கு இங்கே தாய் வீடு கிடையாது. அவர்களையும் சேர்த்துத்தான் இந்தச் சாசனம். அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் பிரசவ வார்டில் வேண்டும்.

8. ஆண்களுக்கு. மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்தையொட்டி 15 நாள் விடுப்பு உண்டு. கூலிக்குப் போகும் தகப்பனுக்கும் அந்த 15 நாளுக்கு ஈட்டுத்தொகை கேட்கிறோம். கேட்டு வாங்கும் நாட்களில் அவர் வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பதற்கில்லை. குடத்தை அவர் தூக்கட்டும். தீட்டுத் துணியை அவர் அலசட்டும், கை அழுகிவிடாது. அம்மாவுக்கு ஒத்தாசை என்று மூத்த பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

9. எங்களுக்கே நாங்கள் வைக்கும் கோரிக்கை ஒன்றும் உண்டு. பூண்டுக் குழம்பும், சுக்கு மிளகுக் காயமும், பால் சுறாப் புட்டும், வெந்நீர்க் குளியலும் இருக்கட்டும். பெற்றவளை உட்கார வைத்து ஒருவர் சோறு போடும் வழக்கத்தை யாரும் விட வேண்டாம். ஆனால் வயிறு போட்டுவிடும் என்று தண்ணீர் கொடுக்காமல் நாக்கு வறள வைப்பதும், காற்றில்லாத மூலையில் படுக்க வைப்பதும், சூடு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையைக் கூரையில் செருகுவதும் போதும். அந்த மாத்திரை பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டியது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், குளிர் காய்ச்சல் வந்தால், உதிரம் நாற்றமடித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால், அது பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விடுகிற சமாச்சாரம் இல்லை. அப்போதே 108.

10. மேலே சொன்ன எல்லாம் ஏழாம் மாதமே தொடங்க வேண்டும். அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவைச் சாதமும் கொடுக்கிறீர்கள், மைக்கில் பேசுகிறீர்கள். அதே பந்தலில் ஒரு மேசை போடுங்கள். ஒவ்வொருத்தியோடும் அவள் வீட்டு ஆள் ஒருவரை உட்கார வைத்து, தாய் சேய் அட்டையில் ஒரு பக்கம் எழுதுங்கள்: சமைப்பவர் யார், தண்ணீர் தூக்குபவர் யார், மூத்த பிள்ளையைப் பார்ப்பவர் யார், கூலிப் பணம் எந்தக் கணக்குக்கு, வேலை கொடுப்பவரிடம் சொல்லியாகிவிட்டதா, ராத்திரி ரத்தம் போனால் எந்த மருத்துவமனை. ‘யாரும் இல்லை’ என்று ஒரு பெண் சொன்னால், அந்த 42 நாளும் அவளுக்கு அங்கன்வாடியிலிருந்து இரண்டு வேளைச் சூடான சாப்பாடு வீட்டுக்கே போக வேண்டும்.

இதைத் தொழிலாளர் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் ஒரே நாளில் கொடுக்கிறோம். ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டும் பதில் எங்களுக்கு வேண்டாம். மூன்றும் சேர்ந்து, கோரிக்கைவாரியாக, எது எப்போது என்று தேதி போட்டுப் பதில் தர வேண்டும். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவதானால் ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேலோ கூப்பிடுங்கள், பகலில் வந்தால் எங்களுக்கு அன்றைய கூலி போய்விடும். கைப்பிள்ளைக்காரிகளும் வருவார்கள், அலுவலகத்தில் தூளி கட்ட ஒரு கொக்கியும் மறைவாக ஓர் இடமும் பார்த்து வையுங்கள்.