தனுஷ்கோடியில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

விராலிமலைப் பக்கத்திலிருந்து இராமேசுவரத்துக்குச் சுற்றுலா போகும் பள்ளி வண்டி, கோயிலையும் பாம்பன் பாலத்தையும் முடித்துக்கொண்டு தனுஷ்கோடிக்கும் ஒரு நடை போய்வருவது இப்போது எளிது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. பிள்ளைகள் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரே இரவில் புயல் விழுங்கிய பேய் நகரம் என்று யாராவது கதை சொல்வார்கள். பாசிமணி வாங்கியதும் வண்டி திரும்பிவிடும். அரை நூற்றாண்டு இரு நாடுகளைச் சேர்த்துவைத்த ஒரு துறைமுகத்தை இப்படி அறிமுகப்படுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அந்த ஊர் எப்படி இயங்கியது, யாருக்காக இயங்கியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சொந்தக் கதையும்கூட.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, துறையில் நிற்கும் கப்பலில் ஏறி, சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம் என்றானது. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு போதும். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, ரயில்வே ஊழியர் குடியிருப்பு எல்லாம் அந்த மணல் திட்டில் இருந்தன. அந்த வழியில் போனவர்கள் வணிகரும் அதிகாரிகளும் மட்டுமல்லர். ஆள் திரட்டும் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, கடனோடு தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள் ஏராளம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளின் வறண்ட ஊர்களே அவர்களின் பிறப்பிடம். இலங்கை அரசு மண்டபம் ஊரில் நடத்திய முகாமில் தங்கவைத்து, நோய்ச் சோதனை முடிந்த பிறகுதான் அவர்களைக் கடல் தாண்ட விட்டார்கள். இன்று கண்டியிலும் நுவரெலியாவிலும் வாழும் மலையகத் தமிழர் பலருடைய பூர்வீகம் நம் பக்கத்துக் கிராமங்கள்தான் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அரிச்சல்முனையில் நின்று கிழக்கே பார்க்கும்போது வெறும் தண்ணீரையா பார்க்கும்?

பேய் நகரக் கதையில் இன்னொரு பெரிய கோளாறும் உண்டு. எல்லாப் பழியையும் அது புயலின் தலையில் போட்டுவிடுகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரை அழித்தது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடலுக்குள் இழுத்துப்போனது, எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், அக்டோபர் 30 அன்று, ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிவிட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தன. அந்த மக்களைக் கலந்து எடுத்த முடிவல்ல அது. புயலுக்குப் பிறகோ, இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத்தான் செய்தது. தாயகம் திரும்பியோர் பலர் வந்து இறங்கியதும் அந்தக் கப்பலில்தான். 1980-களில் போர் மூண்ட பிறகே அது நின்றது. ஊரைக் கொண்டுபோனது காற்று. கடல்வழியைத் துண்டித்தது மனிதர்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் தனுஷ்கோடியைக் காட்டினால், பிள்ளைகள் வரலாற்றை விதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பத்து, பன்னிரண்டு வயதுக்கு இது கனமான விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். ரயிலோடு மூழ்கிய மனிதர்களின் கதையைத் தயங்காமல் சொல்லும் நாம், ஒரு குடும்பம் ஏன் ஊரைவிட்டுப் போனது, ஏன் திரும்பி வந்தது என்பதை மட்டும் சொல்லக் கூசுவதில் நியாயம் இல்லை. இடம்பெயர்வதைப் பிள்ளைகள் தம் வீட்டிலேயே அறிவார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போன தகப்பன்மார் இந்த மாவட்டத்தில் குறைவா? அரசியல் பேச்சாகிவிடும் என்ற தயக்கம் இதைவிட வலுவானது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அக்கரை என்றாலே பகை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் எளிதில் படியும். மீனவர் துயரை மறைக்கத் தேவையில்லை. அதே கடலில் ஒரே சீட்டில் மக்கள் போய்வந்த காலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டதையும் சொல்லலாம்.

தூரமும் செலவும் மெய்யான தடைகள். தனுஷ்கோடி இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அரிச்சல்முனைக் கடல் குளிக்க ஏற்றதும் அல்ல. ஆனால் அறிமுகம் வகுப்பறையில் தொடங்க வேண்டியது. பயணம் அதன் பின்பாதி. அன்று கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுசேர்த்த போட் மெயில் ரயில் இன்றும் சென்னையிலிருந்து புதுக்கோட்டை வழியாக இராமேசுவரம் போகிறது; வரைபடத்தில் அந்தத் தண்டவாளத்தைத் தொடர்ந்து போய்க் கொழும்பு வரை கோடு இழுக்க ஒரு பாடவேளை போதும். கொழும்புக்கோ தோட்டத்துக்கோ போனவர் தம் குடும்பத்தில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்ல இன்னொரு நாள். நம் மாவட்டத்து லெணாவிளக்கில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமே இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களில் பேச விருப்பமுள்ள ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தால், எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிட வேண்டும்.